குரூசரா, டூரிங் பைக்கா? விருதுநகர்ச் சாலைகளை முன்வைத்து ஒரு மதிப்பீடு

நெடுந்தொலைவு போவதற்கு எப்படிப்பட்ட மோட்டார் சைக்கிள் ஏற்றது என்பது பழைய கேள்வி. தாழ்ந்த இருக்கையில் அமர்ந்து, கால்களை முன்னால் நீட்டிப் போகும் குரூசரா? உயரமாக நிமிர்ந்து உட்கார்ந்து, காற்றுத்தடுப்பும் பெட்டிகளும் மாட்டிப் போகும் டூரிங் வண்டியா? அமெரிக்கா ஒரு விடை சொன்னது, ஐரோப்பா வேறொன்று சொன்னது. இந்தியச் சந்தை கடந்த 25 ஆண்டுகளில் இரண்டையும் அடுத்தடுத்து வாங்கிப் பார்த்திருக்கிறது. ஆனால் பெரும்பாலான ஒப்பீடுகள் வண்டியை மட்டுமே எடைபோடுகின்றன. அது ஓடவேண்டிய சாலையையும், அதன் பின்சீட்டில் உட்காரப்போகிறவரையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்தக் குறையைச் சரிசெய்து பார்க்க விருதுநகர் மாவட்டம் பொருத்தமான களம். இங்கே ஐம்பது கிலோமீட்டருக்குள் மூன்று வகைச் சாலைகள் இருக்கின்றன. விருதுநகர், சாத்தூர் வழியாகக் கோவில்பட்டிக்கு நீளும் தேசிய நெடுஞ்சாலை 44 நேரான நான்குவழிச் சாலை. சிவகாசியைச் சுற்றித் திருத்தங்கல், வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை என்று பட்டாசு ஆலைகளுக்கும் தீப்பெட்டி ஆலைகளுக்கும் பிரிந்துபோகும் சாலைகள் கரிசல் மண்ணில் போடப்பட்டவை. மேற்கே திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் பக்கம் மலையடிவாரச் சாலைகள். அவற்றைத் தாண்டினால் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகக் கொல்லத்துக்குப் போகும் கணவாய். இம்மூன்றிலும் ஒரே வண்டியை ஓட்டவேண்டியவருக்கு எந்த விடை பொருந்தும் என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள். வண்டிக்கு வைத்திருக்கும் வகைப்பெயரை விட வேகம், சாலைத்தளம், பின்சீட்டு ஆகிய மூன்றும்தான் இங்கே தேர்வைத் தீர்மானிக்க வேண்டும் என்பது இதன் வாதம்.

பெயர் இரண்டு, வழிமரபு மூன்று

குரூசரின் பிறப்பிடம் அமெரிக்கா. 1901-இல் தொடங்கிய இந்தியன் நிறுவனமும் 1903-இல் தொடங்கிய ஹார்லி-டேவிட்சனும் அந்நாட்டின் நீண்ட, நேரான சாலைகளுக்கு ஏற்ப வண்டிகளை வளர்த்தெடுத்தன. ஊருக்கும் ஊருக்கும் இடையே தொலைவு அதிகம், வளைவு குறைவு. அங்கே பெரிய வி-ட்வின் எஞ்சின் குறைந்த சுழற்சியில் நிதானமாக இழுத்தால் போதும். உடலைத் தாழ்வாக வைத்து, கைகளை அகலமாக விரித்து உட்காரலாம். 1969-இல் வந்த 'ஈஸி ரைடர்' திரைப்படம் நீண்ட முன்ஃபோர்க் வைத்த சாப்பர் வண்டிகளை உலகத்துக்குக் காட்டியது. ரசிகர்கள் கொட்டகைகளில் செய்துவந்த மாற்றங்களை 1971-இல் ஹார்லி நிறுவனமே வில்லி ஜி. டேவிட்சனின் வடிவமைப்பில் 'சூப்பர் கிளைட்' என்ற பெயரில் ஆலையிலிருந்து விற்றது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் ஜப்பானிய நிறுவனங்களும் அந்தத் தோற்றத்தை எடுத்துக்கொண்டன. ஆகவே குரூசரின் இன்றைய வடிவத்தில் பாதி சாலையின் தேவையால் வந்தது, பாதி ரசனையால் வந்தது.

டூரிங் வண்டிக்கு இரண்டு மூதாதையர். கவசம் மாட்டிய கிளைக்கு 1976-இல் வந்த பி.எம்.டபிள்யூ ஆர்100ஆர்எஸ் நல்ல அடையாளம். காற்றுச் சுரங்கத்தில் சோதித்து உருவாக்கிய முழுக் கவசத்தோடு அது விற்பனைக்கு வந்தது. வேகக் கட்டுப்பாடு இல்லாத ஜெர்மன் நெடுஞ்சாலைகளில் மணிக்கணக்கில் விரைந்து போகிறவருக்குக் காற்றே முதல் எதிரி. அந்த எதிரிக்கு எதிராகப் பிறந்த வடிவம் அது. ஜப்பானிலிருந்து ஹோண்டா கோல்ட் விங் 1974-இல் கொலோன் கண்காட்சியில் அறிமுகமானபோது அதில் கவசமும் கிடையாது, பெட்டியும் கிடையாது. வாங்கியவர்கள் தாங்களாகவே கவசத்தை மாட்டிக்கொண்டார்கள். அதைப் பார்த்து 1980-இல் ஹோண்டாவே கவசமும் பெட்டிகளும் சேர்ந்த மாதிரியை விற்றது. அதே 1980-இல் வந்த பி.எம்.டபிள்யூ ஆர்80ஜி/எஸ் இன்னொரு கிளையைத் தொடங்கிவைத்தது. மண் சாலையிலும் தார்ச் சாலையிலும் ஓடக்கூடிய, உயரமான, நீண்ட சஸ்பென்ஷன் கொண்ட வண்டி அது. மறு ஆண்டே பாரிஸ்-டாக்கர் பந்தயத்தில் ஊபேர் ஓரியோல் அந்த வகை வண்டியில் வென்றார். இன்று இந்தியாவில் 'டூரிங் பைக்' என்று கேட்டால் பெரும்பாலும் காட்டப்படுவது இந்தக் கிளையின் அட்வென்ச்சர் வண்டிகள்தான்.

இவ்வரலாற்றில் ஒரு சிக்கல் உண்டு. 1965-இல் வந்த ஹார்லி எலெக்ட்ரா கிளைடின் எஞ்சினும் இருக்கையும் குரூசருக்குரியவை. அதன் பக்கப் பெட்டிகளும் 1969 முதல் அதில் வந்த கவசமும் டூரிங்குக்குரியவை. அதை எந்தப் பக்கம் வைப்பது? குரூசரும் டூரிங்கும் தொடக்கத்திலிருந்தே தனித்தனிச் சாதிகளாக இருக்கவில்லை என்பதையும், வகைப்பிரிப்பு விற்பனைப் பட்டியல்களில்தான் இறுகியது என்பதையும் அந்த வண்டி காட்டுகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடியையும் அதே அளவு எச்சரிக்கையோடுதான் அணுக வேண்டும்.

இந்தியாவுக்கு வந்த வழி

1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னை திருவொற்றியூரில் புல்லட் 350 தயாரானது. இராணுவம் வாங்கியது, காவல்துறை வாங்கியது, பிறகு வசதியுள்ள விவசாயிகளும் வணிகர்களும் வாங்கினார்கள். புல்லட்டில் முதுகு நிமிர்ந்திருக்கும், கால்கள் உடலுக்கு நேர்க்கீழே இருக்கும், இருக்கை நீண்ட தட்டையான ஒன்று. அதைக் குரூசர் என்றும் சொல்ல முடியாது, டூரிங் வண்டி என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் அடுத்த நாற்பது ஐம்பது ஆண்டுகள் தென்தமிழகத்தில் தொலைவுப் பயணத்தின் வண்டி அதுதான். இரண்டில் எது என்ற கேள்வி எழ அப்போது இடமில்லை.

கேள்வி 2000-க்குப் பிறகு வந்தது. 2001-இல் கவாஸாகி பஜாஜ் எலிமினேட்டர், 2002-இல் ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு, 2005-இல் எலிமினேட்டரின் வழியில் வந்த பஜாஜ் அவெஞ்சர் ஆகியவை தாழ்ந்த இருக்கை கொண்ட குரூசர் தோற்றத்தை நடுத்தர வர்க்கத்துக்குக் கொண்டுவந்தன. ஆக, இந்திய வாடிக்கையாளருக்கு நெடும்பயண வண்டியாக முதலில் விற்கப்பட்டது குரூசர்தான். 2016-இல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் இந்த ஓட்டத்தைத் திருப்பியது. 2020-இல் கே.டி.எம் 390 அட்வென்ச்சர் ஒரு பக்கமும் மீட்டியார் 350 மறுபக்கமும் வந்தன. 2023 ஜனவரியில் சூப்பர் மீட்டியார் 650 குரூசரையும், அதே ஆண்டு நவம்பரில் ஹிமாலயன் 450 அட்வென்ச்சர் வண்டியையும் ஒரே நிறுவனம் தமிழ்நாட்டிலிருந்தே சந்தைக்கு அனுப்பியது. இரண்டு விடைகளும் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதால் அளவுகளை நேருக்கு நேர் ஒப்பிட இப்போது வசதியாகிவிட்டது.

குரூசர் தரப்பின் வாதம்

குரூசரை ஆதரிப்போரின் முதல் வாதம் தரையைப் பற்றியது. சூப்பர் மீட்டியார் 650-இன் இருக்கை தரையிலிருந்து 740 மி.மீ., மீட்டியார் 350-இன் இருக்கை 765 மி.மீ. உயரம். ஹிமாலயன் 450-இல் அது 825 மி.மீ.; தாழ்ந்த மாற்று இருக்கை போட்டாலும் 805. ஐந்தரை அடிக்கு உட்பட்ட உயரமுள்ளவருக்கு முதல் இரண்டிலும் இரு பாதங்களும் முழுதாகத் தரையில் பதியும். மூன்றாவதில் பெருவிரல்கள்தான் பதியும். பேருந்து நிலைய வாசலிலும் ரயில்வே கேட்டிலும் லாரிகளுக்கு இடையே நின்று நின்று நகரவேண்டிய சாலையில் இது சிறிய வசதி ஆகாது. பெண்கள் தொலைவுப் பயணங்களுக்கு வரத் தொடங்கியிருக்கும் காலத்தில் இந்த வாதத்துக்கு எடை கூடியிருக்கிறது.

இரண்டாவது வாதம் எஞ்சினைப் பற்றியது. குறைந்த சுழற்சியிலேயே இழுவை தரும் எஞ்சினில் கியரை அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. நேரான நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் போகிறவருக்கு இந்த நிதானம் களைப்பைக் குறைக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. மூன்றாவது வாதம் இப்பகுதிக்கே உரியது: தென்மேற்குப் பருவக்காற்று. மே முதல் செப்டம்பர் வரை செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாகக் காற்று பாய்கிறது. கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் நிற்பதற்கு அதுவே காரணம். விருதுநகரிலிருந்து கன்னியாகுமரிக்கு நெடுஞ்சாலை 44-இல் போகிறவர் அந்தக் காற்றைப் பக்கவாட்டில் வாங்குகிறார். உயர்ந்த கண்ணாடி, இரு பக்கமும் அகன்ற பெட்டிகள், பின்னால் ஒரு மேல்பெட்டி என்று அலங்கரித்த டூரிங் வண்டிக்கு அங்கே காற்றுப்படும் பரப்பு அதிகம். எடை கூடிய, தாழ்ந்த குரூசர் அசைவது குறைவு.

இந்த வாதங்களின் பலவீனம் வளைவிலும் மேடுபள்ளத்திலும் வெளிப்படுகிறது. குரூசர் நேர்ச் சாலைக்குப் பிறந்தது. நாம் நேர்ச் சாலையை அடைவதற்கே பல ஊர்களைத் தாண்டவேண்டியிருக்கிறது. முன்னால் நீட்டிய கால்களால் உடம்பைத் தூக்கிக்கொள்ள முடியாது. கால்தாங்கி உடலுக்குக் கீழே உள்ள வண்டியில் பள்ளம் வரும்போது இருக்கையிலிருந்து சற்று எழுந்து, முழங்கால்களையே இரண்டாவது ஷாக் அப்சார்பராக்கிக்கொள்ளலாம். குரூசரில் அந்த அதிர்ச்சி முழுவதும் முதுகெலும்பின் அடிமுனைக்குப் போகிறது. முதல் நூறு கிலோமீட்டரில் சுகமாக இருந்த அமர்வு அடுத்த நூறில் வாலெலும்பு வலியாக மாறுவதற்கு இதுவே காரணம். ஷோரூமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பதில் இது தெரியவராது.

டூரிங் தரப்பின் வாதம்

டூரிங் தரப்பின் மிக வலுவான சான்று சஸ்பென்ஷன். ஹிமாலயன் 450-இல் முன்னும் பின்னும் 200 மி.மீ. அசைவு, சூப்பர் மீட்டியாரில் முன்னால் 120, பின்னால் 101. தரை இடைவெளி முறையே 230 மி.மீ., 135 மி.மீ. இந்த எண்களைச் சாலையில் பொருத்திப் பார்க்க வேகத்தடையே போதும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி வட்டவடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் சுமார் 10 செ.மீ. உயரமும் கொண்டிருக்க வேண்டும். அந்த அளவில் கட்டினால் 135 மி.மீ. இடைவெளியுள்ள வண்டி தப்பித்துக்கொள்ளும். ஊர்க்காரர்களே விபத்துக்குப் பயந்து போட்டுவைக்கும் குறுகிய, செங்குத்தான மேடுகள் இந்த அளவுக்குக் கட்டுப்படுவதில்லை. பின்சீட்டில் ஒருவரும் பைகளில் சாமான்களும் இருந்தால் பின்பக்க ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். மீதமிருக்கும் இடைவெளியில் எஞ்சினின் அடிப்பாகமோ சைலன்சரோ மேட்டில் உரசும்.

இதற்கு அடியில் மண் சார்ந்த காரணமும் இருக்கிறது. கரிசல் மண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் போட்ட சாலை ஆண்டுதோறும் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கவேண்டியிருக்கிறது. தளம் புதிதாக இருந்தாலும் அலை அலையாக நெளிவதற்கும் ஓரங்கள் இடிந்து இறங்குவதற்கும் அது வழிவகுக்கிறது. வடகிழக்குப் பருவமழையும் தீபாவளியும் ஏறக்குறைய ஒன்றாக வருவதால், சிவகாசிச் சாலைகளில் லாரியும் வெளியூர்க் கார்களும் மிகுந்திருக்கும் நாட்களே தளம் மிக மோசமாக இருக்கும் நாட்களாகவும் அமைந்துவிடுகின்றன. எதிரே வரும் லாரிக்கு வழிவிட்டுத் தார் விளிம்பை விட்டு இறங்கினால், சக்கரம் பதிவது வழுக்கும் கரிசல் சேற்றில். பெரிய முன்சக்கரமும் நீண்ட அசைவும் அங்கே உதவுகின்றன.

டூரிங் தரப்பின் மற்றொரு பாரம்பரிய வாதமான காற்றுத்தடுப்பு மட்டும் இங்கே தளர்ந்துபோகிறது. காற்றின் எதிர்விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் இருப்பதைப் போல 2.25 மடங்கு விசை 120 கி.மீ. வேகத்தில் இருக்கும். ஐரோப்பியக் கவசம் பிறந்தது இந்த இரண்டாவது வேகத்துக்கு. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை நான்குவழிச் சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு 80 கி.மீ. என்றும் மற்ற சாலைகளில் 60 கி.மீ. என்றும் உச்சவேகம் வகுத்தது. சாலையைக் குறுக்கே கடக்கும் ஊர்மக்களும் எதிர்த்திசையில் வரும் வண்டிகளும் உள்ள நெடுஞ்சாலையில் அதற்கு மேல் போவது அறிவுடைமையும் ஆகாது. அந்த வேகத்தில் பெரிய கவசத்தின் பலன் குறைவு. கத்திரி வெயிலில் அதன் தீங்கும் தெரிகிறது: மார்பில் காற்று படாவிட்டால் வியர்வை ஆறுவதில்லை, உடம்பு சூட்டை இறக்க வழியில்லாமல் தவிக்கிறது. மழைக்கும் பூச்சிக்கும் சிறு கண்ணாடி பயன்படலாம். முழுக் கவசம் இந்த மண்ணுக்குத் தேவைப்படும் பொருளாகத் தெரியவில்லை.

வகையே பொருட்டல்ல என்போர்

மூன்றாவது தரப்பு இரண்டையும் நிராகரிக்கிறது. ஓட்டுகிறவரின் திறமையும் உடல்வாகும்தான் முக்கியம், 100 சிசி வண்டியிலேயே லடாக் போய் வந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது அதன் வாதம். எண்களிலும் இதற்கு ஓரளவு ஆதரவு கிடைக்கிறது. குரூசர் நீளமானது, டூரிங் வண்டி குட்டையானது என்ற பொதுநம்பிக்கையைச் சூப்பர் மீட்டியாரின் 1,500 மி.மீ. சக்கர இடைவெளியும் ஹிமாலயன் 450-இன் 1,510 மி.மீ. இடைவெளியும் பொய்யாக்குகின்றன. மீட்டியார் 350-இன் எடை 191 கிலோ, ஹிமாலயன் 450-இன் எடை 196 கிலோ. வகை வேறு, எடை ஏறத்தாழ ஒன்று. சூப்பர் மீட்டியாரோ 241 கிலோ. எடையைப் பொறுத்தவரை இரண்டு குரூசர்களுக்கு இடையே உள்ள தூரம், ஒரு குரூசருக்கும் ஓர் அட்வென்ச்சர் வண்டிக்கும் இடையே உள்ளதை விட அதிகம்.

ஆனால் 'முடியும்' என்பதும் 'ஏற்றது' என்பதும் வேறு. 100 சிசி வண்டியில் லடாக் போக முடிவது, அந்த வண்டி அந்தப் பயணத்துக்கு ஏற்றது என்பதற்குச் சான்றாகாது. ஓட்டியவரின் மனஉறுதிக்கே சான்றாகும். இந்தத் தரப்பிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: வகைப்பெயர் பல அளவுகளை ஒரே சொல்லில் கட்டிவைக்கிறது, கட்டைப் பிரித்து ஒவ்வோர் அளவையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

பாதுகாப்புச் சான்றுகள் எங்கே நிற்கின்றன

எது பாதுகாப்பானது என்ற வாதத்தில் அடிக்கடி உறுதியான குரல்கள் கேட்கின்றன. சான்றுகள் அவ்வளவு உறுதியாகப் பேசவில்லை. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-இல் வெளியான அறிக்கை, காற்றுக்கவசமும் கண்ணாடியும் உள்ள வண்டிகள் விபத்துகளில் குறைவாகவும், சாப்பர் பாணியில் மாற்றப்பட்டவை அதிகமாகவும் இடம்பெற்றதைப் பதிவுசெய்தது. டூரிங் தரப்பு இதைத் தன் வெற்றியாகக் கொள்ளலாம். ஆனால் கவசமுள்ள வண்டி பிறர் கண்ணில் எளிதாகப் படுவதும், அதை ஓட்டுகிறவர்கள் அனுபவமும் பயிற்சியும் கூடியவர்களாக இருப்பதுமே காரணமாகலாம் என்று அறிக்கையே சொல்கிறது. அங்கே வேலை செய்தது வண்டியா, ஆளா என்று பிரித்தறிவது கடினம். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் பதிவான வண்டிகளின் எண்ணிக்கையோடு உயிரிழப்பை ஒப்பிட்டபோதும், பந்தய வகை வண்டிகளின் விகிதம்தான் பல மடங்கு உயர்ந்து நின்றது. குரூசரும் டூரிங்கும் ஒன்றுக்கொன்று அருகிலேயே இருந்தன.

இந்தியத் தரவு இந்தக் கேள்விக்கு அநேகமாக மௌனம். 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். இந்தப் பெருந்துயரம் ஒரே தொகுப்பாகத்தான் பதிவாகிறது; வண்டியின் பாணி அதில் தெரிவதில்லை. ஆகவே பாதுகாப்பை வைத்து ஒரு வகையை உயர்த்திப் பேசுவது இப்போதைக்குச் சான்றுக்கு மீறிய பேச்சு. தலைக்கவசமும், 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகள் அனைத்துக்கும் கட்டாயமான ஏ.பி.எஸ். பிரேக்கும், நிதான வேகமும் எந்தப் பாணிக்கும் முந்தியவை என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

பின்சீட்டும் சாமானும்

மேலைநாட்டு ஒப்பீடுகள் பெரும்பாலும் தனியாகப் போகிறவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இங்கே வண்டி குடும்பத்துக்குரியது. பின்சீட்டில் சேலை கட்டிய ஒருவர் இடப்பக்கமாகக் கால்களைத் தொங்கவிட்டு அமர்வது இன்றும் பரவலான வழக்கம். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி, பின்சீட்டு உள்ள வண்டியில் கைப்பிடியும் கால்தாங்கியும், துணி சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் காப்பும் இருக்க வேண்டும் என்கிறது. சேலை கார்டு என்று நாம் அழைக்கும் அந்தக் கம்பிச்சட்டம் இருக்குமிடத்தில்தான் டூரிங் வண்டியின் இடப்பக்கப் பெட்டி வந்து உட்காருகிறது. பெட்டியை மாட்டினால் பக்கவாட்டில் அமர இடமில்லை. கழற்றினால் டூரிங் வண்டிக்குச் சொல்லப்படும் முக்கியமான பயன் போய்விடுகிறது. 825 மி.மீ. உயர இருக்கைக்குப் பின்னால், அதற்கும் மேலே உள்ள பின்சீட்டில் சேலையோடு ஏறுவதும் எளிதல்ல. குரூசரில் ஏறுவது சுலபம். ஆனால் அதன் பின்சீட்டு சிறியது, பல மாதிரிகளில் பின்பக்க ஸ்பிரிங்கின் அசைவும் குறைவு. தொலைவில் அதிகம் வதைபடுவது பின்னால் இருப்பவர்தான். இரண்டு பாணிகளும் ஓட்டுகிறவரை மையமாக வைத்தே வடிவமைக்கப்பட்டிருப்பதை இந்த ஓர் அளவுகோல் வெளிப்படுத்துகிறது.

சாமானைப் பொறுத்தவரை இப்பகுதிக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. குரூசரின் பக்கவாட்டுப் பைகள் பெரும்பாலும் சைலன்சருக்கு மேலே தொங்குகின்றன. மணிக்கணக்கில் ஓடிய சைலன்சரின் சூடு பையின் அடிப்புறத்தைத் தாக்கும். தீபாவளிக்கு முன் சிவகாசிக்கு வந்து மொத்தமாகப் பட்டாசு வாங்கி, அதை மோட்டார் சைக்கிளில் அடைத்துக்கொண்டு போக நினைப்பவர்கள் எந்தப் பாணி வண்டியிலும் அதைச் செய்யக்கூடாது. உராய்வும் சூடும் குலுக்கலும் ஒருசேர இருக்கும் இடம் அது. பட்டாசுக்கு அம்மூன்றும் பகை.

இரண்டு ஆட்சேபங்கள்

குரூசரை வாங்கி உயரமான கண்ணாடியும் வேறு ஹேண்டில்பாரும் பின்னுக்குத் தள்ளிய கால்தாங்கியும் போட்டுக்கொண்டால் இரண்டின் பயனும் கிடைக்குமே என்று கேட்கலாம். கண்ணாடி, பை, இருக்கை மெத்தை போன்ற துணைப்பொருட்களுக்கு இது பொருந்தும். ஆனால் சஸ்பென்ஷனின் அசைவையும் தரை இடைவெளியையும் கடையில் வாங்கி மாட்ட முடியாது. தயாரிப்பாளர் பதிவுசெய்த அடிப்படை அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. மாற்றியமைத்த சாப்பர்களைப் பற்றி ஹர்ட் அறிக்கை தரும் சான்றும் இதே பக்கம்தான் சாய்கிறது.

மற்றொரு ஆட்சேபம் ஆழமானது. வண்டி மனம் விரும்பி வாங்கும் பொருள். விருப்பத்தை மில்லிமீட்டரால் அளக்கலாமா? விருப்பத்துக்கு மதிப்பு உண்டு. பிடிக்காத வண்டி கொட்டகையில்தான் நிற்கும், பயணத்துக்கு வராது. ஆனால் விருப்பம் ஓட்டுகிறவருடையது. முதுகுவலி இருவருடையது, கடன்தவணை குடும்பத்துடையது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள மோட்டார் சைக்கிள்களுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாகக் குறைந்து, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடாக உயர்ந்திருக்கிறது. மீட்டியார் 350 கோட்டுக்கு இந்தப் பக்கமும், ஹிமாலயன் 450-உம் சூப்பர் மீட்டியார் 650-உம் அந்தப் பக்கமும் நிற்கின்றன. இனி வகையை விட எஞ்சின் அளவே பலருடைய முடிவை எடுக்கக்கூடும். விருப்பம் தன் விலையை அறிந்து முடிவெடுக்கட்டும் என்பதற்காகத்தான் இந்த அளவுகள்.

மதிப்பீடு

சான்றுகளை ஒன்றுசேர்த்தால், இந்த மாவட்டத்துக்குள்ளும் அக்கம்பக்கத்திலும் அதிகம் ஓட்டுகிறவருக்குப் பெரிய குரூசரும் உயரமான அட்வென்ச்சர் வண்டியும் அளவுக்கு மீறிய விடைகளாகவே தோன்றுகின்றன. 800 மி.மீ.க்கு உட்பட்ட இருக்கை, 170 மி.மீ.க்குக் குறையாத தரை இடைவெளி, 200 கிலோவுக்கு மேற்படாத எடை, உடலுக்குக் கீழேயோ சற்றே முன்னாலோ கால்தாங்கி, சேலை கார்டுக்கு இடம்தரும் பின்சீட்டு: இந்த ஐந்தும் கூடிய வண்டி எந்தப் பெயரில் விற்கப்பட்டாலும் அதுவே பொருந்த வாய்ப்பு அதிகம். மீட்டியார் 350 போன்ற சிறு குரூசர்கள் இதற்கு அருகில் வருகின்றன. புல்லட் வழியில் வந்த நிமிர்ந்த வண்டிகளும் வருகின்றன. மாதம் ஒருமுறை தனியாகக் கன்னியாகுமரிக்கு நான்குவழிச் சாலையில் போய்வருகிறவர் பெரிய குரூசரைத் தேர்ந்தால் அது பிழையில்லை. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் மேகமலையின் 18 வளைவுகளையும் அவற்றுக்கு அப்பாலுள்ள கரடுமுரடான பாதைகளையும் அடிக்கடி நாடுகிறவருக்கு, உயரம் ஒத்துவந்தால், டூரிங் தரப்பின் விடை வலுவானது.

தீராத கேள்விகள் சிலவும் உண்டு. எந்த அமர்வு எத்தனை மணி நேரத்தில் முதுகைக் கெடுக்கிறது என்பதை நம் உடல்வாகையும் நம் வெயிலையும் நம் சாலையையும் வைத்து அளக்கவேண்டியிருக்கிறது; இப்போதைய வாதங்கள் பெரும்பாலும் இயற்பியலிலிருந்தும் அந்நிய அனுபவத்திலிருந்தும் ஊகிக்கப்பட்டவை. விபத்துப் பதிவுகளில் வண்டியின் பாணியும் பின்சீட்டில் அமர்ந்த விதமும் சேரும்வரை பாதுகாப்பு பற்றிய வாதம் முடிவுக்கு வராது. பெண்கள் ஓட்டுநர்களாகப் பெருகும்போது இருக்கை உயரம் குறித்த கணக்கும் மாறும், பின்சீட்டு குறித்த கணக்கும் மாறும். அதுவரை ஒன்றைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கலாம்: முடிவெடுக்கும் முன் பின்சீட்டில் அமரப்போகிறவரையும் அழைத்துப்போய், இருவருமாகக் குறைந்தது ஒரு மணி நேரமாவது நெடுஞ்சாலையிலும் கரிசல் சாலையிலும் ஓட்டிப் பாருங்கள். கடைக்காரர் சொல்லும் வகைப்பெயரை விட அந்த ஒரு மணி நேரத்தின் சாட்சியம் நம்பத்தக்கது.